பூஜ்யத்தில் யார்?

"பெரிய மாமா, உங்க கரும்புக்கு நேத்து யாரு தண்ணி கட்டுனது?"

அமிர்தம் வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வரவில்லை. இலக்கியா நீட்டிய காபி டம்ளரையும் கண்டுகொள்ளவில்லை.

கண்ணாயிரம் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "நேத்து உன் மொறைதானம்மா?"

"எம் மொறைன்னு எனக்கே தெரியும். அதாலதான் கேக்கறேன். எம் மொறையில உங்க கரும்பு ஏன் சேறா கெடக்குது?"

"மழ பேஞ்சிருக்கும்."

"மழ மல மேல பேஞ்சிது மாமா. நைனார்பாளையத்துல ஒரு தூத்தல் இல்ல. உங்க கரும்புக்கு மட்டும் தனி மேகம் வெச்சிருக்கீங்களா?"

கண்ணாயிரம் சட்டைப் பொத்தானைப் போட்டார். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டார். இலக்கியா அதைப் பார்த்தாள்.

"எஞ்சோளம் கதிர்ல பால் புடிக்கிற நேரம். இந்த வாரம் தண்ணி இல்லன்னா வெறும் சக்கைதான் நிக்கும். சொல்லிட்டேன்." அமிர்தம் போய்விட்டாள். காபியில் ஆடை படிந்தது.

அமிர்தம் கண்ணாயிரத்தின் கடைசித் தம்பி பெண்டாட்டி. தம்பி இறந்த பிறகும் தன் பங்குக் கொல்லையைத் தானே உழுது பயிர் வைப்பவள். நடுத் தம்பி தீனதயாளன் மரவள்ளி போட்டிருந்தார். மூன்று பங்குக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். மூவரும் நாள் முறை வைத்துத் தண்ணீர் கட்டினார்கள். ஆளுக்கொரு பகல். முறைக்காரர் காலையில் போய் மடை மாற்றிக்கொண்டு, சாயந்திரம் வரை மோட்டார் கொட்டாயில் காத்துக்கிடக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை ஒழித்தவள் கண்ணாயிரத்தின் மகள் இலக்கியா. சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிற கடையில் வேலைக்குப் போகிறாள். தை மாதம் தன் கையால் ஒரு பெட்டி செய்து, அதை இயக்கும் நிரலையும் தானே எழுதி, மோட்டார் கொட்டாயில் மாட்டினாள். மூன்று குழாய், மூன்று வால்வு. முறைக்காரர் காலையில் தன் போனிலிருந்து பெட்டிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அவர் கொல்லை வால்வு திறக்கும், மோட்டார் ஓடும். சாயந்திரம் தானே நிற்கும். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும்.

பெட்டி வந்த புதிதில் எல்லோருக்கும் பெருமை. வெயில் ஏறி, மலைப் பக்கம் இடி மழை தொடங்கியதும் பேச்சு மாறியது.

அன்று மத்தியானமே தீனதயாளன் வந்தார். அவர் அமிர்தம் மாதிரி வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ண்ணா, போன வாரம் எம் மொறையிலயும் இதே கத. நான் வாயத் தொறக்கல. மூத்தவன்னு பாத்தேன்."

"இன்னாடா சொல்ற?"

"நான் சொல்றது இன்னா இருக்குது? பொட்டிய எழுதுனது யாரு? உம் பொண்ணு. எழுதுறவ கை எந்தப் பக்கம் சாயும்?"

"சித்தப்பா!" என்றாள் இலக்கியா. "நான் எழுதுனதுல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்."

"நீ எழுதுனத நாங்க படிக்க முடியுமா? படிச்சாப் புரியுமா? மடைய மண்வெட்டியால வெட்டுனா வெட்டுன தடம் தெரியும். பொட்டிக்குள்ள வெட்டுனா எங்க தெரியுது?"

"அமிர்தம் கூட அப்பிடித்தான் நெனைக்கறாளா?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"அவ வேற நெனைக்கறா. பொட்டி மேல அவளுக்குச் சந்தேகம் இல்ல. உம் மேலதான். உன்ன மண்வெட்டியோட வரப்புல பாத்தாளாம். இடி இடிக்கிற நேரத்துல, எல்லாரும் வூட்டுக்கு ஓடிக்கினு இருக்கறப்போ, நீ மட்டும் அங்க நின்னியாம். அவளப் பாத்ததும் திரும்பிக்கினியாம்."

கண்ணாயிரம் கீழே பார்த்தார்.

தீனதயாளன் குரலை இறக்கினார். "பேச்சு வளர வேணாம். வெள்ளிக்கெழம அய்யனார் கோயிலுக்கு வா. சூடம் ஏத்தி, கையால அணைச்சி, 'நானும் எங்க வூட்டாளுங்களும் தண்ணியில கை வெக்கல'ன்னு ஒரு சத்தியம் பண்ணிடு. அதோட முடிஞ்சிது."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்கிற சத்தியத்தை அந்த ஊரில் யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. தம்பி கேட்டு அண்ணன் சூடம் அணைத்தால், அதற்குப் பிறகு இருவரும் ஒரு பந்தியில் உட்கார மாட்டார்கள், ஒரு கிணற்றில் இறைக்கவும் மாட்டார்கள். அணைக்க மறுத்தாலோ இன்னும் மோசம். திருடன் என்ற பெயர் நின்றுவிடும்.

"அணைக்க மாட்டேன்" என்றார் கண்ணாயிரம்.

தீனதயாளன் எழுந்துவிட்டார். "மாட்டியா?"

"மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

"அப்ப சரி. வெள்ளிக்கெழம நீ கோயிலுக்கு வரலன்னா, நான் தனியா போர் போட்டுக்கறேன். அமிர்தமும் அப்பிடியே சொல்லிட்டா. கெணத்துல எங்க பங்க நீயே வெச்சிக்க. ஆனா எதுக்குப் பிரிஞ்சோம்னு கேக்கறவங்க கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு இலக்கியா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏம்ப்பா மாட்டேன்னு சொன்ன?"

"உனக்கு எதுக்கு அது?" என்றார் அவர். அதோடு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார்.

மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் போகும்போது இலக்கியாவின் மனதில் அந்த ஒரு வார்த்தையே ஓடியது. மாட்டேன். கை வைக்காதவர் ஏன் மாட்டேன் என்கிறார்? அமிர்தத்தின் முறை நாளில் அப்பாவின் மண்வெட்டி ஈரமாகக் கிடந்ததை அவளும்தான் பார்த்திருந்தாள். போன வருடம் கரும்பு காய்ந்தபோது அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனுஷன், வால்வைக் கையால் திருப்பிவிட்டிருக்க மாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? கடையில் உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தவள் ஒரு இணைப்பைத் தவறாகப் பற்றவைத்து, மறுபடி உருக்கி எடுத்தாள்.

சாயந்திரம் வீட்டுக்குப் போகாமல் நேராக அமிர்தத்தின் கொல்லைக்குப் போனாள். அமிர்தம் சோளத்துக்கு நடுவே நின்று ஒரு கதிரின் தோலைப் பிரித்து நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, அப்பாவ எங்க பாத்த?"

"வேவு பாக்க அனுப்புனாரா?"

"அவருக்கு நான் வந்தது தெரியாது. எனக்கே அவரு மேல சந்தேகந்தான்."

அமிர்தம் திரும்பிப் பார்த்தாள். பெற்ற மகளே அப்படிச் சொன்னது அவளைக் கொஞ்சம் இளக்கியது. "தோ, அந்த வரப்புல. அவரு கொல்ல மேல, எங்கொல்ல பள்ளம். நடுவுல இருக்கற வரப்புல மண்வெட்டி போட்டுக்கினு இருந்தாரு. நான் வர்றதப் பாத்ததும் தோள்ல தூக்கிப் போட்டுக்கினு நடந்துட்டாரு."

"எத்தன தடவ இப்பிடி ஆச்சி?"

"எண்ணிக்கினா இருந்தேன்? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சாதாரண நாள்ல எடுக்க மாட்டாரு. கரியாலூர் பக்கம் கருத்துக்கினு வரும் பாரு, மல மேல இடி இடிக்கும் பாரு, அன்னிக்குத்தான் களவு. இடிக்குப் பயந்து நாமெல்லாம் ஓடிடறோம்ல. கொல்லையில ஒரு ஆளு இருக்க மாட்டான். அதான் நேரம்னு வர்றாரு."

"இடி இடிச்ச நாள்ல மட்டுமா?"

"அன்னிக்கு மட்டுந்தான். கெட்டிக்காரத்தனத்தப் பாரேன்!"

இலக்கியா அதற்கு மேல் கேட்கவில்லை. மலையில் இடி இடித்தால் முதலில் போவது கரண்ட். லைன் விழும், பிறகு வரும். அதை நினைத்ததும் அவள் மோட்டார் கொட்டாய்க்கு ஓடினாள்.

"எங்கடி ஓடற?" என்று அமிர்தம் பின்னால் கத்தினாள். "ஈரத்த அழிக்கப் போறியா?"

அன்று தீனதயாளனின் முறை. அவர் கொல்லை வால்வு திறந்திருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இலக்கியா பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். மோட்டார் நின்றது, பெட்டியின் விளக்கு அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி செருகினாள். பெட்டி கண் விழித்தது. கிர்ரென்று ஒரு வால்வு மூடியது. கிர்ரென்று இன்னொன்று திறந்தது. திறந்தது சித்தப்பாவின் வால்வு அல்ல. அப்பாவுடையது.

அங்கே யார் கையும் இல்லை.

அவள் மண் தரையிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். பெட்டிக்கான நிரலை சி மொழியில் எழுதியிருந்தாள். இப்போது ஓடுவது யார் முறை, எந்த வால்வு, எப்போது தொடங்கியது என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாக, ஒரு ஸ்ட்ரக்சராக, கட்டி வைத்திருந்தாள். மிஸ்டு கால் வந்ததும் அந்தக் கட்டு நிரம்பும். வருவதற்கு முன் அதில் என்ன இருக்க வேண்டும் என்று அவள் எழுதவில்லை. எழுதாமல் விட்டால், அப்படிப் பொதுவில் வைத்த கட்டின் ஒவ்வொரு அறையிலும் சி மொழி தானாகவே பூஜ்யத்தை வைத்துவிடும். பூஜ்யம் என்றால் காலி, யாருமில்லை என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் பெயர் வரிசையைச் சி மொழி பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். வரிசையில் முதல் ஆளுக்கு எண் பூஜ்யம்.

முதல் ஆள் அப்பா.

கரண்ட் போனால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். வந்ததும் பூஜ்யத்தைப் பார்க்கும். கண்ணாயிரத்துக்குத் திறந்துவிடும். முறைக்காரரோ, காலையிலேயே போன் போட்டாகிவிட்டது என்று வீட்டில் இருப்பார். அவள் வீட்டில் வைத்துச் சோதித்தபோதெல்லாம் முதலில் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தாள். அதனால் இது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஒரு வரி போதும், திருத்திவிடலாம். விரல் விசைக்குப் போனது. பிறகு நின்றது. இப்போது திருத்தினால், 'நல்லா அழிச்சிட்டா' என்பார் சித்தப்பா. எழுதியவளே வந்து தப்பு தானாக நடந்தது என்றால் எவர் நம்புவார்? அவள் திருத்தாமலே லேப்டாப்பை மூடினாள். சித்தப்பா வால்வு திறக்க அவருக்குப் போன் போட்டு, "கரண்ட் போச்சி சித்தப்பா, மறுபடி ஒரு மிஸ்டு கால் குடு" என்றாள்.

"நீ இன்னா பண்ற அங்க?" என்றது மறுமுனை.

"பாத்துக்கினு இருக்கேன்."

"அதான் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கண்ணாயிரம் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை தொட்டியிலேயே நின்றது.

"அப்ப நீ பண்ணலியா?"

"நானா? நான் எதுக்குப்பா பண்றேன்?"

"தையில பொட்டி மாட்டும்போது சொன்னியே. 'இந்த வருசம் உங்கரும்பு காயாதுப்பா'ன்னு. அப்பறம் பாத்தா, மொறை இல்லாத நாள்ல கரும்பு நனஞ்சி கெடக்குது. எம்மேல இருக்கற பாசத்துல புள்ள ஏதோ பண்ணிட்டான்னு நெனச்சிக்கினேன்."

"அதுக்குத்தான் சூடம் அணைக்க மாட்டேன்னியா?"

"எங்க வூட்டாளுங்களும் கை வெக்கலன்னு சொல்லச் சொன்னானே அவன். எப்பிடிச் சொல்றது? பொய் சத்தியம் உந்தலையில விடியும்."

"அந்த மண்வெட்டி?"

"வரப்ப வெட்டி, வந்த தண்ணிய அமிர்தம் கொல்லைக்கே எறக்கிடலாம்னு பாத்தேன். கொஞ்சம் வெட்டுனேன். அதுக்குள்ள அவ வந்துட்டா." அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "நீ இன்னா நெனச்ச?"

இலக்கியா மாட்டின் முதுகைத் தடவினாள். "நீதான் வால்வத் திருப்பிட்டேன்னு நெனச்சேன்."

"ம்" என்றார் அவர். தொட்டியை மாட்டின் பக்கம் நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை காலை தீனதயாளனும் அமிர்தமும் கோயிலுக்குக் கிளம்பி வந்தார்கள். அமிர்தம் சூடத்தை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

"கோயிலுக்கு வர்றாரு அப்பா" என்றாள் இலக்கியா. "அதுக்கு முன்னால மோட்டார் கொட்டாய்க்கு ஒரு நட வாங்க. சித்தப்பா, நீ எதையும் நம்ப வேணாம். உங்கையால பண்ணு, உங்கண்ணால பாரு."

"இன்னா வித்த காட்டப் போற?" என்றார் அவர். ஆனாலும் வந்தார்.

அன்று அமிர்தத்தின் முறை. வால்வு திறந்து அவள் சோளத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"பீஸ் கட்டையப் புடுங்கு சித்தப்பா. இப்ப திருப்பிப் போடு. நான் இங்கியே நிக்கறேன். அப்பா அங்க வேப்பமரத்துக்கிட்ட நிக்கறாரு."

கிர்ர். அமிர்தத்தின் குழாய் வற்றியது. கண்ணாயிரத்தின் குழாயில் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, பாத்தியா!" என்று துள்ளினார் தீனதயாளன். "நான் சொன்னேன்ல? பொட்டிக்குள்ளதான் ஓரவஞ்சனன்னு!"

"ஓரவஞ்சனதான். யாரு மேலன்னு பாப்போம்." இலக்கியா லேப்டாப்பைப் பெட்டியில் செருகினாள். "சின்னம்மா, இங்க பாரு. மூணு பேரு இருக்குதா? மேல கண்ணாயிரம், அப்பறம் தீனதயாளன், அப்பறம் நீ. நான் வேற எதையும் தொடல. சித்தப்பா பேரத் தூக்கி மேல வெக்கறேன். அவ்வளவுதான். இப்ப மறுபடி புடுங்கு சித்தப்பா."

அவர் பிடுங்கிச் செருகினார். கிர்ர். இந்த முறை தண்ணீர் தீனதயாளனின் மரவள்ளிக்குப் போனது.

அமிர்தம் தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "சின்ன மாமா, நீங்களும் திருடனா?"

"ஏ, நான் இங்கதான நிக்கறேன்!"

"அவரும் வேப்பமரத்துக்கிட்டதான் நின்னாரு."

அப்பா தன்மேல் சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டதையும், அமிர்தத்தின் கொல்லைக்குத் தண்ணீர் இறக்கத்தான் வரப்பை வெட்டியதையும் இலக்கியா சொன்னாள்; பிறகு பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னாள். நாம் எதையும் வைக்காமல் விட்டால் அது பூஜ்யத்தை வைத்துக்கொள்ளும், முதலில் இருப்பவர் பெயர்தான் அதற்குப் பூஜ்யம் என்றாள். "பூஜ்யம் வந்ததால ஒரே பக்கமாப் போச்சி. சில எடத்துல வெக்காம வுட்டா, முன்னால கெடந்த குப்பை ஏதாவது அதுல இருக்கும். அப்பிடின்னா ஒவ்வொரு நாளு ஒவ்வொருத்தர் கொல்லைக்குப் போயிருக்கும்."

"அப்ப பேய் மேலதான் பழி போட்டிருப்போம்" என்றாள் அமிர்தம். "ஒரு ஆட்ட வெட்டுனதோட போயிருக்கும்."

தீனதயாளன் விடவில்லை. "அதெல்லாம் சரி. உங்கப்பன் பேர மொதல்ல வெச்சது யாரு? அதுல ஒரு கணக்கு இருக்குதில்ல?"

"நீதான் சித்தப்பா."

"நானா?"

"பொட்டி மாட்டுன அன்னிக்கு நான் சின்னம்மா பேர மொதல்ல போட்டிருந்தேன். அவங்க கொல்லதான் கெணத்துக்குப் பக்கம். நீதான் வந்து பாத்துட்டு, 'மூத்தவர் பேரு கீழ இருந்தா மரியாதையா இருக்குமா? பத்திரிகையில போடற மாதிரி மேல போடு'ன்ன."

அமிர்தம் சிரித்துவிட்டாள். "சொன்னாரு. நானும் கேட்டேன். எனக்கு அன்னிக்கே சுருக்குன்னுது."

தீனதயாளன் கையிலிருந்த பீஸ் கட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப எம்பேரப் போட்டிருந்தா, அண்ணன் என்னச் சூடம் அணைக்கக் கூப்புட்டிருப்பாரு."

வேப்பமரத்தடியிலிருந்து கண்ணாயிரம் நடந்து வந்தார். "கூப்புட்டிருக்க மாட்டேன்."

"கூப்புட்டிருப்பீங்க மாமா" என்றாள் அமிர்தம். "ஈரத்தப் பாத்துட்டு, பொண்ணு பேரு கெட்டுடும்னு வாய மூடிக்கினு இருந்தவருதான நீங்க? எஞ்சோளம் காஞ்சா காயட்டும்னு."

கண்ணாயிரம் ஒப்புக்கொள்வதுபோல் தலையசைத்தார். கையை நீட்டினார். "சூடத்தக் குடு."

"எதுக்கு?"

"அன்னிக்கு என்னால முடியல. இன்னிக்கு முடியும். நானும் எங்க வூட்டாளுங்களும் கை வெக்கலன்னு இப்ப தெரிஞ்சி சொல்லலாம். வா கோயிலுக்கு. அணைக்கறேன்."

"வேணாம்ண்ணா" என்றார் தீனதயாளன்.

"ஏன் வேணாம்? கேட்டது நீ."

"வேணாம்னா வேணாம்ண்ணா." அவர் அண்ணனின் நீட்டிய கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக் கீழே இறக்கினார். "நான் கேட்டதே தப்பு. அணைச்சிட்டன்னா, அப்பறம் நாளைக்கு உன்ன எங்க வூட்டுப் பந்திக்கு எப்பிடிக் கூப்புடறது?"

கண்ணாயிரம் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் முகம் தம்பி பக்கம் திரும்பவும் இல்லை.

அமிர்தம் சூடத்தை மறுபடி முந்தானையில் முடிந்தாள். "இது கெடக்கட்டும். இலக்கியா, பூஜ்யத்துல இனிமே யாரு?"

"யாருமில்ல. நானே அப்பிடி எழுதி வெச்சிடறேன். கரண்ட் வந்தா வால்வும் தொறக்காது, மோட்டாரும் ஓடாது. மொறைக்காரங்க மறுபடி மிஸ்டு கால் குடுக்கணும்."

"காலியாவா வுடுவ?" என்றார் தீனதயாளன். "காலியா வுட்டதாலதான இவ்வளவும்? அய்யனார் பேரப் போட்டுடு. அவருக்குக் கொல்ல இல்ல, தண்ணி கேக்க மாட்டாரு. அவருக்கு மேல எவனும் பேரு போடச் சொல்ல மாட்டான்."

இலக்கியா சிரித்தாள். ஆனாலும் போட்டாள். அய்யனார், வால்வு கிடையாது. அடுத்தது கண்ணாயிரம், தீனதயாளன், அமிர்தம். அவள் தட்டச்சு செய்வதை மூவரும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்கள். அமிர்தம் மறுபடி மறுபடி பீஸ் கட்டையைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். ஒரு வால்வும் அசையவில்லை. தன் போனை எடுத்து அழைத்தாள். அவள் குழாயில் தண்ணீர் வந்தது. உடனே சோளத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், கரியாலூர் பக்கம் மலை கருத்தது. இடி கேட்டது. கரண்ட் போனது.

இலக்கியா குடையோடு கொல்லைக்கு வந்து பார்த்தால், வரப்பின் ஒரு மூலையில் சித்தப்பா நிற்கிறார். இன்னொரு மூலையில் அமிர்தம் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறாள். மோட்டார் கொட்டாய் வாசலில் அப்பா. இடிக்குப் பயந்து யாரும் ஓடியிருக்கவில்லை.

கரண்ட் வந்தது. பெட்டியின் விளக்கு எரிந்தது. மூன்று குழாயிலும் தண்ணீர் வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு யாரு மொறை?" என்று கண்ணாயிரம் குரல் கொடுத்தார்.

"உங்க மொறைதான் மாமா!"

"எம் மொறைன்னா நீ ஏன் இங்க நிக்கற?"

"நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கத்தான்!"

கண்ணாயிரம் போனை எடுத்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகு அழைத்தார்.

அவர் வால்வு திறந்தது. அமிர்தம் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வரப்பில் இறங்கி, கண்ணாயிரம் அன்று வெட்டிய இடத்தில் தன் பக்கத்து மண்ணைக் காலால் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.